விடுமுறைச் சோறு

நீண்ட விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடுகிற அன்று எங்கள் ஃப்ளாட்டில் காது கொடுக்க முடியாது. பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி ஆளுக்கொரு பக்கம் வீசிவிட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடுவார்கள். கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் பந்து சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அந்த வருடம் நான் சமையலறையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இருந்த யோசனை ஒன்றுதான். நாளையிலிருந்து இவன் எங்கே சாப்பிடுவான்?

இவன் என்றால் என் மகன். அப்போது அவனுக்கு எட்டு வயது. அவனுக்கு மூத்தவள் ஒரு மகள், பன்னிரண்டு வயது. என் கணவர் தவறி அப்போது இரண்டு மாதம் போல ஆகியிருந்தது. செம்பனைப் பழ லோரி ஓட்டினார். ஒரு நாள் காலையில் நெஞ்சு வலி வந்து, லோரியைச் சாலை ஓரமாக நிறுத்தி, பிரேக் போட்டு, எஞ்சினையும் அணைத்துவிட்டு, அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். லோரிக்கு ஒரு கீறல் இல்லை. அதற்காக அவரைப் பாராட்டிப் பேசியவர்களும் உண்டு.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் அவரவர் ஊருக்குப் போன பிறகுதான் மகனிடம் அந்த மாற்றத்தைக் கவனித்தேன். அவன் வீட்டில் சோறு சாப்பிடவில்லை. காலையில் மைலோ குடிப்பான். பிஸ்கட் தின்பான். ஆனால் தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தால், "அப்புறம் மா" என்பான். அழ மாட்டான், அடம் பிடிக்க மாட்டான். கொஞ்ச நேரம் தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். பிறகு எழுந்து போய்விடுவான். நான் தட்டை மூடி வைப்பேன். மறுநாள் அதைக் கொட்டுவேன்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் சாப்பிட்டான். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓய்வு நேரத்தில் கேண்டீனில் இலவசமாகச் சாப்பாடு கொடுப்பார்கள். நாசி லெமாக்கோ, மீஹூனோ, சோறும் கோழியுமோ, எது கொடுத்தாலும் தட்டை வழித்து வைக்கிறான் என்று அவன் வகுப்பு டீச்சர் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு வந்தது நிம்மதி இல்லை, எரிச்சல். கேண்டீன் அம்மா கையால் இறங்குகிற சோறு என் கையால் இறங்காதாமா?

கிளினிக்கில் பசி எடுக்க ஒரு மருந்து கொடுத்தார்கள். கொடுத்துப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். மிளகாய் நெடியில் நாங்கள் எல்லாரும் இருமினோம். சோறு மட்டும் தட்டிலேயே இருந்தது. அவனுடைய பள்ளிக் காற்சட்டை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தி அனுப்பினேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அப்போது எதுவுமே தோன்றவில்லை. சாவு வீட்டில் அழாத பெண்டாட்டியை ஊர் லேசில் விடாது. "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். அது எனக்கு நன்றாகக் கேட்டது. கோபம்கூட வரவில்லை. சரியாகத்தானே சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு காப்பித் தம்ளர்களைக் கழுவினேன். சாவுக்கு எடுத்த லீவு முடிந்ததும் ஆயர் குரோவில் இருக்கிற பிஸ்கட் பேக்டரிக்குத் திரும்பிப் போனேன். பெல்ட்டில் பாக்கெட்டுகள் வரும், உடைந்ததைப் பொறுக்கி எடுத்துக் கூடையில் போட வேண்டும். என்னை மாதிரி வேலை செய்ய ஆள் கிடைக்காது என்று சூப்பர்வைசர் சொன்னார். பேச்சு இல்லை, போன் இல்லை, கை மட்டும் ஓடியது.

விடுமுறையைப் பற்றி நான் பயந்தது இதனால்தான். நான் வேலைக்குப் போயாக வேண்டும். மகளுக்குச் சோறு வடிக்கத் தெரியும், முட்டை பொரிக்கத் தெரியும். ஆனால் தம்பியைச் சாப்பிட வைக்க அவளால் முடியாது. அவன் சாப்பிடுகிற ஒரே இடம் கேண்டீன். அதையும் பூட்டிவிட்டார்கள்.

எதிர்வீட்டு அக்காதான் அந்த முகாமைப் பற்றிச் சொன்னார். டுரியான் துங்கால் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்து மண்டபம். தோட்டத்தை எப்போதோ விற்றுவிட்டார்கள். சுற்றிலும் புது வீடுகள் வந்துவிட்டன. மண்டபம் மட்டும் மிச்சம். அதில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து விடுமுறையில் இரண்டு வாரம் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டு வந்து விடும்.

முகாமை நடத்துகிற பெண்ணுக்குப் போன் செய்தேன். சின்னப் பெண் குரல். படபடவென்று பேசினாள்.

"பிள்ளைங்களுக்கு என்ன இன்ட்ரஸ்ட் கா? டிராயிங்கா, ஸ்போர்ட்ஸா? சயன்ஸ் எக்ஸ்பெரிமென்ட் எல்லாம் இருக்கு."

"சோறு போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"போடுவோம் கா. கண்டிப்பா போடுவோம்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. என்னைப் பரிதாபமாக நினைத்துவிட்டாள் என்று தெரிந்தது. நினைக்கட்டும்.

முதல் நாள் சாயங்காலம் நான் வேலை விட்டு வந்து கதவைத் திறந்தபோது மகள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"மா, டெலிமேட்ச்ல என் டீம்தான் ஃபர்ஸ்ட். சாக்குல குதிச்சு ஓடணும். நான்தான் லாஸ்ட் ரன்னர்."

"தம்பி சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான். ரெண்டு தடவை வாங்கினான். மா, அந்தப் பக்கத்து டீம்ல எல்லாம் பையனுங்க. ஆனாலும் நாங்கதான்..."

"என்ன குழம்பு?"

அவள் என்னைப் பார்த்தாள். "சாம்பார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்படியே தினமும் நடந்தது. அங்கே அவர்கள் மினரல் வாட்டர் பாட்டிலில் ராக்கெட் செய்தார்கள். அரிசிக்குச் சாயம் போட்டுக் கோலம் போட்டார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் வந்து கணக்கு சொல்லிக் கொடுத்தார்கள். மகள் வாய் ஓயாமல் சொல்லுவாள். எனக்கு எதுவும் உள்ளே போகவில்லை. சோறு, கோழிப் பிரட்டல், நெத்திலி, கோபிஸ் பொரியல் என்று அன்றன்றைக்குத் தம்பி எதைச் சாப்பிட்டான் என்பதை மட்டும் காது வாங்கிக்கொண்டது. ராத்திரிக்கு அவன் தட்டு மறுபடியும் அப்படியே இருக்கும். பரவாயில்லை, மத்தியானம் சாப்பிட்டான் என்று தட்டை மூடுவேன்.

இரண்டாவது வாரத்தில் அவன் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. இரண்டு வாரம் முடியப்போகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. பள்ளி திறக்க இன்னும் பல வாரம் கிடந்தது.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. பெற்றோர்களும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அங்கே ஒரு காரியம் இருந்தது. முகாம் நடத்துகிற பெண்ணைத் தனியாகப் பிடித்து, வேறு எங்கேயாவது இந்த மாதிரிச் சோறு போடுகிற இடம் இருக்கிறதா, இவனை மட்டுமாவது சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்க வேண்டும். வேனில் போகும்போது கேட்க வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

மண்டபத்தில் வாசலுக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். முன்வரிசையில் துணி போர்த்திய நாற்காலிகள், அவற்றுக்கு முன்னால் வெள்ளை விரிப்புப் போட்ட ஒரு மேசை. பின்பக்கம் பிரியாணி அண்டாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிள்ளைகளின் தலையெல்லாம் ஒரே பக்கம் திரும்பியது.

சிறப்பு விருந்தினர், அரசாங்கப் பட்டம் வாங்கிய ஒரு டத்தோ. அவர் வர வேண்டும், முதல் தட்டு அவருக்குப் போட வேண்டும், பிறகுதான் மற்றவர்களுக்கு. முகாம் நடத்துகிற பெண் மைக்கில் அதைச் சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

"குட்டீஸ், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. டத்தோ வந்து சாப்பிட்டதும் நம்ம சாப்பிடலாம். முதல்ல பெரியவங்க. ஓகேவா?"

"ஓகே" என்று பிள்ளைகள் கத்தினார்கள். என் மகனும் கத்தினான்.

நம் ஆட்கள் கூட்டம் எதுவாக இருந்தாலும் இப்படித்தான். யாருக்காக அடுப்பு மூட்டினோமோ அவர்கள் கடைசியில் சாப்பிடுவார்கள். டத்தோ வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் ஆடின ஆட்டத்தையே மூன்று முறை ஆடிக் காட்டிவிட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை நாற்காலியிலேயே தூங்கிவிட்டது. கடைசியாகக் கார் வந்தது. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்து, பசி என்றால் என்னவென்று தனக்கு நன்றாகத் தெரியும் என்று ஆரம்பித்தார். அவர் சட்டை பொத்தான்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், அந்தப் பழக்கம் விட்டு நெடுநாள் ஆகியிருக்கும் என்று தோன்றியது. பிறகு என் மகன் உயரத்துக்கு ஒரு அட்டைக் காசோலையை நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். பிள்ளைகள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

முதல் தட்டை மேசையில் கொண்டு வந்து வைத்தபோது டத்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தெங்கேராவில் இன்னொரு விழாவாம். தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். பொன்னாடை நாற்காலியிலேயே கிடந்தது.

அதன் பிறகு மண்டபம் அலைமோதியது. மகள் தம்பியை வரிசையில் நிறுத்தி இரண்டு பேருக்கும் தட்டு வாங்கி வந்தாள். நானும் ஒரு தட்டோடு அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பிரியாணி, கோழி, வெள்ளரிக்காய் பச்சடி. மகள் சாப்பிட ஆரம்பித்தாள். மகன் தட்டைப் பார்த்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுய்யா."

"அப்புறம் மா."

இங்கேயுமா? இந்த இரண்டு வாரமும் இவன் வழித்துச் சாப்பிட்ட இடத்திலேயுமா? இனி நான் இவனை எங்கே கொண்டு போவேன்? வீட்டில் எத்தனையோ முறை இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன், ஒரு முறைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அப்புறம்னா எப்பய்யா?"

அவன் வெள்ளை விரிப்புப் போட்ட மேசையைக் காட்டினான். டத்தோவின் தட்டு அதில் அப்படியே இருந்தது. "பெரியவரு இன்னும் சாப்பிடலை" என்றான்.

தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்த பையன் ஒருவன் சிரித்துவிட்டான். "டத்தோ போய்ட்டாரு லா தம்பி. நீ சாப்பிடு."

"மைக்ல அந்த அக்காதானே சொன்னாங்க, அவரு சாப்பிட்டாதான் நம்மன்னு." மகன் என் பக்கம் திரும்பினான். தெரிந்த விஷயத்தைத் திரும்பச் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னான். "வீட்டுலயும் அப்படித்தானே மா. அப்பா இன்னும் சாப்பிடலையே."

மகள் மெல்லுவதை நிறுத்தினாள்.

எங்கள் வீட்டுச் சாவு நடந்து பதினாறாம் நாள் கருமகிரியை வரைக்கும் சிகாமாட்டிலிருந்து வந்த என் நாத்தனார்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டார். நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. எல்லார் வீட்டிலும் செய்வது போல அவர் தினமும் சமைத்து, ஒரு தட்டில் போட்டு, என் கணவர் படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டுவார். பிள்ளைகள் கை நீட்டினால், "அப்பா சாப்பிடட்டும், அவரு சாப்பிட்டப்புறம்தான் நம்ம" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா சாப்பிட்டாச்சு, வாங்க" என்று கூப்பிட்டு அந்தச் சோற்றையே பிசைந்து ஊட்டுவார். கருமகிரியை முடிந்தது. படையல் நின்றது. அவர் ஊருக்குப் போய்விட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அதை யாராவது யாருக்காவது எடுத்துச் சொல்வார்களா? அவனுக்கு யாரும் சொல்லவில்லை. படத்துக்கு முன்னால் தட்டு வரும் என்று அவன் தினமும் காத்திருந்திருக்கிறான். பள்ளிக்கூடம் வீடு இல்லை, அங்கே அந்தச் சட்டம் இல்லை. அதனால் அங்கே சாப்பிட்டான். அப்பாவுக்கு ஏன் சோறு வைக்கவில்லை என்று என்னை அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கிற நிலையில் நான் இல்லை.

முகாம் நடத்துகிற பெண் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். நேராக மேசைக்குப் போய் டத்தோவின் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் எதிரே உட்கார்ந்தாள். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"இப்ப நான்தான் பெரியவங்க. சாப்ட்டேன் பாரு. ஓகேவா?"

மகன் அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்தான். பிறகு சாப்பிட்டான். கோழி எலும்பைக் கடித்து உறிஞ்சிச் சாப்பிட்டான். அவள் கண் கலங்கியிருந்தது. நான் அவளிடம் கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டே வந்தாள்.

"மா, ஈஸி தானே. நம்மளும் டெய்லி அப்பாவுக்கு ஒரு தட்டு வச்சிடலாம். சாப்ட்டாச்சுன்னு சொன்னா அவன் சாப்பிட்டுருவான்."

"ம்" என்றேன். ஈஸிதான். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சோறு வடித்தேன். முட்டைக் குழம்பு வைத்தேன். மகளே ஒரு தட்டு எடுத்து, சோறு போட்டு, குழம்பு ஊற்றி, முட்டையை நடுவில் வைத்து, கூடத்தில் இருக்கிற படத்துக்கு முன்னால் கொண்டு போய் வைத்தாள். மகன் எழுந்து போய்ப் பார்த்தான். தட்டைக் கொஞ்சம் நேராகத் திருப்பி வைத்தான். பிறகு வந்து தன் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டான். அவன் முகத்தில் அத்தனை நிம்மதி. அவனை அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா சாப்ட்டாச்சா?" என்று கேட்டான்.

மகள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சொல்லு மா என்று அர்த்தம். ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பான். நாளைக்கும் கேட்பான். ஒவ்வொரு நாளும் கேட்பான். ஒவ்வொரு நாளும் அவன் அப்பா வந்து, சாப்பிட்டு, இவனைப் பார்க்காமலேயே போய்விட்டார் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

"இல்லைய்யா" என்றேன்.

"எப்ப சாப்பிடுவாரு?"

"இனிமே சாப்பிட மாட்டாரு. அப்பா செத்துட்டாரு."

"அத்தை வச்சப்ப சாப்ட்டாரே?"

"அப்பவும் இல்லை. அது நம்ம ஆசைக்கு வச்சது. செத்தவங்க சாப்பிட மாட்டாங்கய்யா."

மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் யோசித்தான். படத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான்.

"அப்ப அவருக்குப் பசிக்காதா?"

"பசிக்காது."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட பசிக்காது."

அவன் பெரிதாக மூச்சு விட்டான். இத்தனை நாளும் அப்பா எங்கேயோ பசியோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவருக்கு முன்னால் சாப்பிட மனம் வராமல் இருந்திருக்கிறான். தன் தட்டைப் பக்கத்தில் இழுத்து, முட்டையைப் பிய்த்து, சோற்றோடு சேர்த்துப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டான். அக்காவைத் தட்டிக் கூப்பிட்டுக் குழம்பு ஊற்றச் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊற்றினாள்.

அவர் செத்துவிட்டார் என்பதை நான் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு மாதத்துக்கும் மேலாக யாரும் என்னைச் சொல்ல வைக்கவில்லை. எல்லாரும் தெரிந்துகொண்டே வந்தார்கள், தெரிந்துகொண்டே போனார்கள். என் தட்டிலும் சோறு இருந்தது. ஒரு வாய் எடுத்தேன், இறங்கவில்லை. பிள்ளை இப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருக்கிறான், என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவான் என்று பயந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன்.